பென்ஷன் வந்தபின் பாட்டு: குமரி மாவட்டத்தில் சொந்தப் பாட்டோடு மேடையேற நினைக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு

ராணுவத்தில் 24 வருடம் இருந்தேன். ஹவில்தாராக ஓய்வுபெற்று, தக்கலைப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்தேன். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு மேடை கிடைக்கிறது. பென்ஷன் ஆர்டரோடு ஊரில் வந்து இறங்கும் தம்பிகள் சிலர், "அண்ணே, யூனிட்டில் நல்லாப் பாடுவேன். இங்கே எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். படாகானா என்ற யூனிட் விருந்தில் நீங்கள் பாடினால் கைதட்டு தானாக வரும். எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் கூடவே சாப்பிட்டு, கூடவே காவல் நின்றவர்கள். எல்லா மதத்தாரும் கூடும் வழிபாட்டு இடமான சர்வ தர்ம ஸ்தலத்தில் டோலக்கும் ஆர்மோனியமும் வைத்துப் பாடும்போதும் அப்படித்தான். ஊரில் அது இல்லை. குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் என்பது புதுச்செய்தி அல்ல; எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறோம். உங்கள் சர்வீசுக்காக மரியாதை கொடுப்பார்கள், முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். பாட்டைக் கேட்கவைப்பது வேறு வேலை.

முதல் ஆறு மாதம் கேளுங்கள்

ஊருக்கு வந்த கையோடு மேடை தேடாதீர்கள். நீங்கள் இல்லாத இருபது வருடத்தில் ஊரின் காது மாறியிருக்கும். லீவில் வந்த முப்பது நாளில் அது தெரிந்திருக்காது.

கோடைக்காலத்தில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில்களில் கொடைவிழா நடக்கும். அங்கே வில்லுப்பாட்டைக் கடைசிவரை உட்கார்ந்து கேளுங்கள். சின்ன வயதில் தூங்கிக்கொண்டே கேட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள். தனியாளாகப் பாட நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். முன்னணிப் பாடகரான புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டி மணி குலுங்கக் கதையைத் தொடங்குகிறார். குடமும் உடுக்கையும் தாளமும் சேர்கின்றன. எங்கே பாடுகிறார், எங்கே பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சாகச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அழவேண்டிய இடத்தில் குடக்காரர் அடியைக் குறைத்துவிடுவார். பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவது வெறும் ஒப்புதல் அல்ல. கூட்டம் தூங்கிவிடாமல் பிடித்துவைக்கும் கயிறு அது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் சினிமாவில் அத்தனை பெரிய ஆளான பிறகும் வில்லுப்பாட்டைத் தன் மேடையில் வைத்திருந்தார். கதை, பாட்டு, பேச்சு மூன்றையும் ஒரே மூச்சில் கொண்டுபோகும் வித்தை அதில் இருக்கிறது.

அப்புறம் கோயில், சர்ச் திருவிழாக்களில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகள், டிசம்பரில் வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் கேரல், மார்கழி பஜனை, கலை இலக்கியப் பெருமன்றமும் முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான த.மு.எ.க.ச.வும் நடத்தும் கூட்டங்கள், கலை இரவுகள். எல்லாவற்றுக்கும் போங்கள். கேரலிலும் பஜனையிலும் பின்குரலாகச் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே யாரும் உங்களிடம் அனுபவச் சான்று கேட்கமாட்டார்கள். ஆர்மோனியக்காரர் யார், கீபோர்டு வாசிக்கும் பையன் யார், சவுண்ட் சர்வீஸ் யாருடையது என்று ஆள் பழக்கமும் அங்கேதான் கிடைக்கும். இந்தப் பழக்கம் இல்லாமல் என் முதல் வருடம் வீணானது.

பாட்டு எழுதுவது

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறோம். நானும் தவறினேன்.

என் முதல் பாட்டு எல்லையைப் பற்றியது. பனி, துப்பாக்கி, தாய்மண், ரத்தம் எல்லாம் இருந்தன. ஒரு குடியரசு தின விழாவில் பாடினேன். மரியாதையாகக் கேட்டார்கள், பொன்னாடை போட்டார்கள், மறந்துவிட்டார்கள். அந்தப் பாட்டில் ஒரு வரிகூட நான் கண்டது இல்லை. எல்லாம் நான் கேட்ட பாட்டுகளிலிருந்து வந்த வரிகள்.

ஒரு வருடம் கழித்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் என் பழைய கடுதாசிகள் கிடைத்தன. ராணுவக்காரருக்குக் கடிதம் எழுதியவர்களுக்குத் தெரியும்: நம்பர், பெயர், யூனிட், அப்புறம் '56 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்) என்று முடியும் அந்த முகவரி. கிழக்கே இருந்தால் 99 ஏ.பி.ஓ. நாம் எங்கே இருக்கிறோம் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. என் அம்மா 56 ஏ.பி.ஓ. என்பது ஏதோ ஓர் ஊர் என்றே பல வருடம் நினைத்திருந்தார். அதை வைத்து எழுதினேன் (எங்கள் ஊரில் பிள்ளையை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்; பாவல் என்றால் பாகல்):

ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. எந்தத் திக்கு மக்களே
அங்கயும் மழை உண்டா, ஆறு உண்டா மக்களே
பசுவு கன்னு போட்டாச்சு, பால் குடிக்க நீ இல்ல
பந்தல் பாவல் காய்ச்சாச்சு, பறிச்சுத் திங்க நீ இல்ல

முதல்முறை இதை ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் மைக் இல்லாமல் பாடினேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருடைய மகன் பட்டாளத்தில் இல்லை, வளைகுடாவில் இருக்கிறான். அன்றைக்கு எனக்கு விளங்கியது: பட்டாளத்துப் பாட்டு என்பது சுடுவதைப் பற்றியது அல்ல, காத்திருப்பதைப் பற்றியது. காத்திருப்பு இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். வளைகுடாவுக்குப் போனவன் வீட்டுக்கும் தெரியும், குளச்சலிலும் முட்டத்திலும் ஆழ்கடலுக்குப் போனவன் வீட்டுக்கும் தெரியும்.

ஆகவே எழுத உட்காரும்போது பெரிய சொற்களை ஒதுக்கி வையுங்கள். ஒரு நோட்டில் இருபது சின்ன விஷயங்களை எழுதுங்கள். இரவுக் காவலில் என்ன நினைத்தீர்கள்? லீவு முடிந்து நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் ஏறும்போது யார் கையில் என்ன இருந்தது? குழந்தை உங்களை அடையாளம் தெரியாமல் அழுத நாள் எது? இருபதில் மூன்று பாட்டு இருக்கும்.

சொற்கள் வீட்டுச் சொற்களாக இருக்கட்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சு ஒரு மாதிரி, விளவங்கோட்டுப் பேச்சு ஒரு மாதிரி; உங்கள் வீட்டில் எது பேசினார்களோ அதில் எழுதுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்பதைவிட உங்கள் அம்மா சொன்ன 'கொள்ளாம்' பாட்டில் நன்றாக உட்காரும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைக்கும் புரியும் சொற்களில் எழுதித்தான் பெரிய கவிஞர் ஆனார். பூதப்பாண்டியின் ஜீவா, அதாவது பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம், தொழிலாளிகள் கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதற்கென்றே பாட்டு எழுதினார். நமக்கு முன்னால் இருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

தாளத்தைப் பற்றி ஒன்று. நம் உடம்பில் பரேடு ஊறியிருக்கிறது. தேஜ் சல் (வேக நடை) என்றால் நிமிடத்துக்கு 120 அடி, தீரே சல் (மெது நடை) என்றால் 70. நான் எழுதியதெல்லாம் என்னையறியாமல் அந்த 120இலேயே வந்து விழுந்தது. எல்லாப் பாட்டும் ஒரே நடையில் இருந்தால் கேட்பவர் களைத்துப்போவார். போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போட்டு 70க்கும் 90க்கும் நடுவில் பாடிப் பாருங்கள். நான்கு நான்காக வருவதை மூன்று மூன்றாக, திஸ்ர நடையில், மாற்றிப் பாருங்கள். தாலாட்டின் ஆட்டம் வந்துவிடும். பூட்ஸ் சத்தம் போய்விடும். பல்லவியை நாலு வரிக்குள் வையுங்கள். இரண்டாவது முறை வரும்போது கூட்டம் கூடவே பாடவேண்டும்.

எழுதக்கூடாதவையும் உண்டு. யூனிட் இருந்த இடம், ஆள் பலம், ஆபரேஷன் விவரம், கருவி விவரம் எதுவும் பாட்டிலும் வேண்டாம், பாட்டுக்கு முன்னால் பேசும் பேச்சிலும் வேண்டாம். 1923ஆம் வருடத்து அரசாங்க ரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவருக்கும் பொருந்தும். 'ஒரு மலை' என்றால் போதும், எந்த மலை என்று பாட்டுக்குத் தேவையில்லை.

எழுதும்போது சில நினைவுகள் தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கும் நடந்தது. அப்போது நோட்டை மூடிவிட்டு, கூட இருந்த நண்பன் ஒருவனிடம் பேசுங்கள். அதற்கும் மேல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தொண்டையும் காதும்

"சாவ்தான்" (நேராக நில்) என்று மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும்படி கத்திய தொண்டை நம்முடையது. மைக் முன்னால் அதே அழுத்தம் கொடுத்தால் குரல் கிழிந்தமாதிரி வரும், இரண்டாவது பாட்டிலேயே கட்டிக்கொள்ளும். காலையில் பத்து நிமிடம் வாயை மூடி 'ம்' என்று கீழ்ச் சுருதியில் பிடியுங்கள். பிறகு பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கதை சொல்வதுபோலப் பாடுங்கள். மைக்கை வாயிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி வையுங்கள். உரக்கப் பாடும் இடத்தில் மட்டும் தலையைச் சற்றுப் பின்னால் எடுங்கள்.

காது இன்னும் முக்கியம். வருடக்கணக்கில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நின்ற பலருக்கு ஒரு காதில் இரைச்சல் இருக்கும், வெளியே சொல்லமாட்டோம். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் காட்டிக் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். குறைவு இருந்தால் சுருதி விலகுவது உங்களுக்கே தெரியாது. எனக்கு இடதுகாது மந்தம். அதனால் பாடுகிறவர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை எப்போதும் வலப்பக்கம் வைக்கச் சொல்லுவேன். பெரிய பாக்ஸ் பக்கத்தில் நிற்கும்போது காதில் அடைப்பான் போடுங்கள்.

கருவி

கிட்டார் தெரிந்தால் கிட்டார், ஆர்மோனியம் தெரிந்தால் ஆர்மோனியம். ஒன்றும் தெரியாதென்றால் கிட்டாரில் மூன்று கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) கற்றுக்கொள்ளுங்கள், மூன்று மாதத்தில் வரும். கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க: உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள், பூச்சுப்போட்ட கம்பி வாங்குங்கள்.

முதல் மேடை

யாரைப் பார்ப்பது? கோயில் என்றால் விழாக் கமிட்டிச் செயலாளர். கத்தோலிக்கத் திருவிழா என்றால் பங்குப்பேரவை. பத்து நாள் விழாவில் எந்த நாள் எந்த அன்பியத்தின் (பங்கிலுள்ள பக்கத்து வீட்டார் குழு) பொறுப்பு என்று பிரித்திருப்பார்கள், அந்த அன்பியத்தாரைப் பார்க்க வேண்டும். விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் போங்கள். நோட்டீஸ் அச்சடித்த பிறகு போனால் அவர்களுக்கும் சங்கடம்.

முழுக் கச்சேரி கேட்காதீர்கள். "அண்ணே, இன்னிசைக் குழு வந்து மைக் சரிபார்க்கிற நேரத்துல ரெண்டு பாட்டு பாடிக்கிடட்டா?" என்று கேளுங்கள். அந்த இருபது நிமிடம் எல்லா விழாவிலும் காலியாகக் கிடக்கும். கூட்டம் வந்து உட்கார்ந்திருக்கும், மேடையில் ஒன்றும் நடக்காது. கமிட்டிக்கும் அது உதவிதான். எனக்கு முதல் நான்கு மேடையும் இப்படித்தான் கிடைத்தன.

முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம், கிளை நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆண்டு விழா இவையும் நல்ல தொடக்கம். ஆகஸ்ட் 10 குளச்சல் போர் நாள். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நாள் அது. அந்தத் திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்தது இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன். இந்த நாளிலும், ஜூலை 26 கார்கில் வெற்றி நாளிலும், டிசம்பர் 7 கொடிநாளிலும் உங்களைத் தேடி அழைப்பு வரும். போங்கள், நன்றாகப் பாடுங்கள். ஆனால் அந்த நாட்களில் மட்டும் பாடுகிறவராக ஆகிவிடாதீர்கள். மற்ற நாளில் கூப்பிடவேண்டும் என்றால் மழை, ரப்பர் வெட்டு, சந்தை, மகள் கல்யாணம் என்று மற்ற பாட்டும் கையில் இருக்கவேண்டும். திங்கள்சந்தையில் கூவும் மீன்காரியைப் பற்றி நான் எழுதிய பாட்டைத்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள்.

சீருடை போட்டு மேடை ஏறாதீர்கள். சில கமிட்டியார் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். சீருடை நம் கச்சேரி உடை அல்ல, ஓய்வுபெற்றவர் அதை எப்போது அணியலாம் என்பதற்கு விதி இருக்கிறது. வேட்டி சட்டை போதும்.

அடுத்தது பேச்சு. ஒரு திருவிழாவில் எனக்கு இரண்டு பாட்டுக்கு நேரம் கொடுத்தார்கள். நான் பாட்டுக்கு முன்னால் சர்வீஸ் அனுபவத்தைப் பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டேன். இரண்டாவது பாட்டுக்கு நேரம் இல்லை, இறங்கச் சொன்னார்கள். தப்பு என்னுடையதுதான். அதன் பிறகு ஒரு பாட்டுக்கு மூன்று வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன். 'அம்மா 56 ஏ.பி.ஓ.வை ஊர் என்று நினைத்திருந்தார். ஒவ்வொரு கடுதாசியிலும் அங்கே மழை உண்டா என்று கேட்பார். நான் பதில் எழுதினதே இல்லை.' இவ்வளவுதான் சொல்வேன், உடனே பல்லவி.

மைக், காற்று, மழை, மணி பத்து

விழா தொடங்குவதற்கு ஒரு மணிநேரம் முன்னால் போய் சவுண்ட் சர்வீஸ் தம்பியைப் பாருங்கள். அவர் காலையிலிருந்து ஒயர் இழுத்துக் களைத்திருப்பார். ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மூன்றே விஷயம் சொல்லுங்கள்: எதிரொலி குறைவாக இருக்கட்டும், கிட்டாருக்குத் தனி லைன், மானிட்டரில் என் குரல் கொஞ்சம். இன்னிசைக் குழுவுக்கு எதிரொலி கூட்டி வைத்திருப்பார்கள். சொந்தப் பாட்டுக்கு அது ஆகாது; கேட்பவருக்குச் சொல் புரியவேண்டும், முதல்முறை கேட்கிறார்கள் அல்லவா? மைக் கீச்சிட்டால் கையால் மைக்கின் தலையைப் பொத்தாதீர்கள், அது இன்னும் கூடும். மானிட்டரிலிருந்து ஓரடி விலகி நில்லுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மேடை என்றால் காற்று மைக்கில் புகுந்து உறுமும். காற்றாலை நிற்கும் கணவாய் அது. மைக்குக்குப் போடும் ஸ்பாஞ்சு உறை ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருங்கள், சின்னச் செலவுதான். மழையும் நமக்கு இரண்டு பருவம். ஜூனிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. மேடைத் தரை நனைந்திருந்தால் செருப்பில்லாமல் மைக்கைத் தொடாதீர்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிமுதல் காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் அரசு தளர்த்தலாம். எட்டு மணிக்குச் சிறப்புரை என்று நோட்டீசில் இருந்தால் அது ஒன்பதேகாலுக்கு முடியும். அதற்குப் பின்னால் உங்களைப் போட்டிருந்தால், முன்னால் மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

வானொலி, உரிமை, காசு

நாகர்கோவில் வானொலி நிலையம் கோணத்தில் இருக்கிறது, 101 பண்பலை. ஆகாசவாணியில் பாட குரல்தேர்வு உண்டு. தேறினால் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம். சுருதி சுத்தம்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டு வருடம் மேடை அனுபவம் சேர்த்துக்கொண்டு போவது நல்லது.

நீங்கள் எழுதி மெட்டுப்போட்ட பாட்டின் உரிமை எழுதிய நொடியிலேயே உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 60 வருடத்துக்கும். பதிவு கட்டாயம் இல்லை; செய்வதென்றால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய்க் கட்டணம், வரிகளும் மெட்டும் தனித்தனிப் படைப்பு. யாராவது வீடியோ எடுத்துப் போட ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கிறோமா, பதிவை வெளியிட மட்டும் அனுமதிக்கிறோமா என்று வாசித்துப் பாருங்கள். நான் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டேன்.

காசைப் பொறுத்தவரை, முதல் வருடம் வண்டிச் செலவு வந்தால் போதும். அதன்பின் கேளுங்கள். பென்ஷன்தான் இருக்கிறதே என்று சும்மா பாடினால், அதை நம்பிப் பிழைக்கும் மற்றக் கலைஞர்களின் கூலி இறங்கும். உங்களுக்கு உடுக்கையோ தபேலாவோ வாசிக்க வரும் ஆளுக்கு அன்றைக்கே, மேடைக்குக் கீழேயே, கையில் கொடுத்துவிடுங்கள்.

இறந்த நண்பனைப் பற்றிய பாட்டு

எல்லோரும் ஒன்று எழுதுவோம். எழுதுங்கள். ஆனால் அதை முதலில் பாடவேண்டிய இடம் மேடை அல்ல, அவன் வீடு. போன் செய்து, அவன் பெண்டாட்டியும் அப்பா அம்மாவும் இருக்கும் ஒரு மதியம் போங்கள். கருவி வேண்டாம். திண்ணையிலோ உள்ளறையிலோ உட்கார்ந்து, மெதுவாக, ஒருமுறை பாடுங்கள். பெயரைச் சொல்லலாமா, ஊரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். சில வரியை மாற்றச் சொல்வார்கள், வாதாடாமல் மாற்றுங்கள். அவன் அப்படிச் சிரிக்கமாட்டான், இப்படித்தான் சிரிப்பான் என்று அவர்கள் சொல்வது உங்கள் வரியைவிட நன்றாகவே இருக்கும்.

வேண்டாம் என்று சொன்னால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். என் நோட்டில் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. அவன் அம்மா பாதியிலேயே கையை உயர்த்தி, "போதும் மக்களே" என்றார். ஆறு வருடத்தில் அதை நான் எந்த மேடையிலும் பாடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். போன தடவை, மீதியை ஒருநாள் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.